வாயில் வாள், கண்ணில் தீ: யோவான் கண்ட காட்சியை எப்படி வாசிப்பது?

பைபிளின் கடைசி நூலான 'வெளிப்படுத்தின விசேஷம்' என்றாலே பலருக்கு உள்ளூர ஒரு பயம். கத்தோலிக்கர்கள் இதைத் 'திருவெளிப்பாடு' என்பார்கள். மிருகம், 666, உலக முடிவு என்று காதில் விழுந்ததை வைத்தே இந்நூலைத் திறக்காமல் விட்டவர்கள் உண்டு. ஆனால் நூல் மிருகத்தோடு தொடங்கவில்லை. முதல் அதிகாரத்தில் வருவது கிறிஸ்துவின் காட்சி. முதல் வாசிப்பில் அதுவும் மிரட்டத்தான் செய்கிறது.

பத்மு, ஏஜியன் கடலில் உள்ள சிறிய தீவு. இன்று கிரேக்க நாட்டைச் சேர்ந்தது. அங்கிருந்த யோவான், தமக்குப் பின்னால் எக்காளம் போன்ற குரல் கேட்டுத் திரும்புகிறார். ஏழு பொன் குத்துவிளக்குகள், அவற்றின் நடுவே மனித குமாரனைப் போன்ற ஒருவர். பாதம் வரை நீண்ட அங்கி, மார்பில் பொற்கச்சை. தலைமுடி பனிபோல் வெண்மை, கண்கள் தீச்சுடர், பாதங்கள் உலையில் காய்ந்த வெண்கலம், குரல் பெருவெள்ள இரைச்சல். வலக்கையில் ஏழு நட்சத்திரங்கள். வாயிலிருந்து இருபுறமும் கூரான வாள். முகம் சூரியனைப் போல் பிரகாசிக்கிறது.

இதை அப்படியே வரைந்து பார்த்தவர் ஜெர்மானிய ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர். 1498இல் வெளியான அவரது மரச்செதுக்குப் படங்களில் இக்காட்சியும் ஒன்று. கண்களிலிருந்து தீ பீறிடுகிறது. வாயருகே நிஜ வாள். கைத்திறனில் குறை சொல்ல முடியாது. ஆனாலும் யோவானின் எழுத்தில் கிடைப்பது அந்தப் படத்தில் கிடைக்கவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

காரணம், தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்கு எளிதில் பிடிபடும். இந்த வருணனை நெடுக 'போல', 'போல' என்று உவமைகள். உவமை பிறக்கும் இடமாகத் தொல்காப்பியம் நான்கைச் சொல்கிறது: வினை, பயன், மெய், உரு. மெய் என்பது வடிவம். உரு என்பது நிறம். ஓவியர் பிடித்தது வடிவத்தை. யோவான் சொல்ல வந்ததோ பெரும்பாலும் வினையும் பயனும். தொல்காப்பியருக்கும் யோவானுக்கும் சம்பந்தமில்லை என்பது உண்மைதான். ஆனால் இந்தப் பக்கத்தைத் திறக்க அந்தச் சாவி நன்றாகவே உதவுகிறது.

வெண்ணிற முடியை எடுத்துக்கொள்வோம். அது முதுமையைக் குறிப்பதல்ல. பழைய ஏற்பாட்டில் தானியேல் நூலின் 7ஆம் அதிகாரத்தில் இருவர் வருகிறார்கள். அரியணையில் வீற்றிருக்கும் நெடுங்காலமாய் உள்ளவருக்கு வெண்ணிற முடி. அவர் முன் கொண்டுவரப்படுபவர் மனித குமாரனைப் போன்றவர். யோவான் இரண்டாமவருக்கு முதலாமவரின் முடியைத் தந்துவிடுகிறார். கிறிஸ்து யார் என்பதைப் பற்றி ஒரு பெரிய வாதமே அந்த ஒரு வரியில் அடங்கியிருக்கிறது. பெருவெள்ளக் குரலும் எசேக்கியேல் நூலிலிருந்து வருவதே. அங்கு அது கடவுள் வரும் ஓசை. யூத வேதத்தைக் கேட்டுப் பழகியவர்களுக்கு இவை உடனே புரிந்திருக்கும்.

விளக்குகளுக்கு இன்னொரு பின்னணி உண்டு. கி.பி. 70இல் ரோமானியப் படை எருசலேம் ஆலயத்தை அழித்து, அங்கிருந்த ஏழு கிளைப் பொன் விளக்கை ரோமுக்கு எடுத்துச் சென்றது. ரோமில் உள்ள டைட்டஸ் வளைவில் அந்த ஊர்வலச் சிற்பத்தை இன்றும் பார்க்கலாம். இந்நூல் டொமிஷியன் பேரரசன் காலத்தில், சுமார் கி.பி. 95இல் எழுதப்பட்டது என்பது பெரும்பான்மை ஆய்வாளர்களின் கருத்து. அப்போது ஆலயமும் இல்லை, அதன் விளக்கும் இல்லை. யோவான் காண்பதோ ஏழு தனித்தனி விளக்குகள். அவை இன்றைய மேற்குத் துருக்கியில் இருந்த எபேசு, சிமிர்னா, பெர்கமு, தியத்தீரா, சர்தை, பிலதெல்பியா, லவோதிக்கேயா ஆகிய ஏழு ஊர்களின் சபைகள் என்று நூலே விளக்கம் தருகிறது. பழைய தமிழ் மொழிபெயர்ப்பாளர்கள் 'குத்துவிளக்கு' என்று எழுதியதால், தமிழ் வாசகருக்கு அது நம் வீட்டு விளக்காகவே ஒளிர்கிறது.

நட்சத்திரங்களுக்கு வருவோம். டொமிஷியனின் மகன் சிறுவயதிலேயே இறந்தபோது அவனைத் தெய்வமாக அறிவித்தார்கள். அவன் உலக உருண்டைமேல் அமர்ந்திருக்க, சுற்றிலும் ஏழு நட்சத்திரங்கள் இருக்கும் நாணயம் கி.பி. 82-83 அளவில் அச்சானது. யோவான் அதைப் பார்த்துத்தான் எழுதினாரா என்பது வேறு விஷயம். ஆனால் அரச குடும்பத்துக்குரியதாகக் காட்டப்பட்ட ஏழு நட்சத்திரங்கள், ரோம் சிலுவையில் அறைந்து கொன்ற ஒருவரின் கையில் இருப்பதாகச் சொல்வது அன்று சின்ன விஷயமல்ல.

அடுத்து வாள். அது கையில் இல்லை, வாயில் இருக்கிறது. ஆகவே அதன் வினை பேச்சு. எசாயா நூலும் கடவுளின் ஊழியனின் வாயைக் கூரிய வாளுக்கு ஒப்பிடுகிறது. இக்காட்சியின் உறுப்புகள் அடுத்து வரும் கடிதங்களில் ஊருக்கேற்பத் திரும்ப வருகின்றன. வாள் செல்வது பெர்கமுவுக்கு. விசுவாசத்துக்காக அந்திப்பா என்பவர் கொல்லப்பட்ட ஊர் அது. உயிரை எடுக்கும் அதிகாரம் ரோமானிய ஆளுநரின் வாளில் இருப்பதாக நம்பிய ஊருக்கு, கடைசித் தீர்ப்பு வேறொருவரின் சொல்லில் இருக்கிறது என்று செய்தி போகிறது. இதை வெறும் ஆறுதலாக எடுத்துக்கொண்டால் பாதியைத்தான் வாசித்தோம். அதே கடிதத்தில், சபைக்குள் தவறாகப் போதிப்பதைப் பின்பற்றுகிறவர்களை நோக்கியும் அந்த வாள் திரும்புகிறது. எபேசுவுக்கோ, மனம் திரும்பாவிட்டால் விளக்கே இடம்பெயரும் என்ற எச்சரிக்கை.

காட்சியைக் கண்ட யோவான் செத்தவனைப் போல விழுகிறார். அப்போது அவர்மேல் வைக்கப்படுவது வலக்கை. நட்சத்திரங்கள் இருந்த கையும் அதுதான். நட்சத்திரங்களை எங்கே வைத்தார் என்று கேட்டால் எழுத்தில் பதில் இல்லை. படமாக வரைய முயல்பவர் இங்கே திணறிப் போவார். பயப்படாதே என்பதே அவர் கேட்கும் முதல் சொல்.

இந்நூல் ஒருவர் உரக்க வாசிக்க, மற்றவர்கள் கேட்பதற்காக எழுதப்பட்டது. முதல் அதிகாரத்தின் 3ஆம் வசனமே அதைச் சொல்கிறது. வாசிக்க விரும்புவோர் முதல் மூன்று அதிகாரங்களையும் ஒரே அமர்வில், வாய்விட்டு வாசித்துப் பாருங்கள். அரை மணி நேரம்கூட ஆகாது.