இறந்தவர்களுக்கும் ஒரு செக்ரோல்

பெரட்டில் பேர் போடுவது எவ்வளவு பெரிய விஷயம் என்று தோட்டத்தில் பிறந்து வளர்ந்த உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. செக்ரோலில் பேர் இல்லையென்றால், நாள் முழுக்கப் பாடுபட்டாலும் அன்றைய சம்பளம் இல்லை. உழைத்தவனுக்கே இந்தக் கதி என்றால், அநியாயமாகக் கொல்லப்பட்டவனின் பேரை யார் எழுதி வைப்பார்கள்? அதுவும் கொன்றவனே அரசாங்கச் சீருடையில் நிற்கும் நாட்டில்?

எழுதி வைத்தார்கள்! அந்தக் கதையைத்தான் இங்கே சொல்ல வந்தோம்.

மத்திய அமெரிக்காவில் எல் சல்வடோர் என்றொரு சின்னஞ்சிறு நாடு. ஒரு காலத்தில் காப்பிதான் அதன் உயிர்நாடி. நல்ல நிலமெல்லாம் சில குடும்பங்களின் கையில். காப்பிப் பழம் பறித்தவர்களுக்கோ அரை வயிற்றுக் கஞ்சி. கூலி உயர்வு கேட்டவர்களும் சங்கம் சேர்த்தவர்களும் 1970-களின் கடைசியில் ஒவ்வொருவராகக் காணாமல் போனார்கள். விடிந்தால் சாலையோரத்தில் பிணம் கிடக்கும். போலீசில் போய்ச் சொல்லலாமா? சொல்லப் போனவரே திரும்பி வருவாரா என்பது சந்தேகம்!

1977-ல் அங்கே பேராயரானவர் ஆஸ்கார் ரொமேரோ. அவருடைய ஆதரவில் இயங்கிய சட்ட உதவி அலுவலகத்தில், அழுதுகொண்டு வந்த தாய்மார்களை உட்கார வைத்துக் கேட்டார்கள். பெயர் என்ன? வயது என்ன? எந்த ஊர்? எந்தத் தேதி? பிடித்துப் போனவர்கள் என்ன உடை போட்டிருந்தார்கள்? கண்ணால் கண்டவர் யார்? எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார்கள். அடையாளம் தெரியாத பிணங்களைப் படம் பிடித்து வைத்தார்கள். மகனைத் தேடி வந்த தாய் அந்தப் படங்களை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்ப்பாள். அவள் நெஞ்சு என்ன பாடுபட்டிருக்கும்!

ஞாயிறுதோறும் பேராயர் தம் பிரசங்கத்தில் அந்த வாரம் மாண்டவர்களின் பெயர்களை வாசித்தார். வானொலி அதை நாடெங்கும் ஒலிபரப்பியது. வானொலி நிலையத்துக்குக் குண்டு வைத்தார்கள். அவர் நிறுத்தவில்லை. 1980 மார்ச் 24-ல், பூசை செய்துகொண்டிருந்த பீடத்திலேயே அவரைச் சுட்டுக் கொன்றார்கள்.

அதோடு முடிந்ததா? இல்லை. 1982-ல் பேராயர் இல்லம் 'துதேலா லெகால்' என்ற புதிய அலுவலகத்தைத் தொடங்கியது. அதை நெடுங்காலம் நடத்தியவர் மரியா ஹூலியா எர்னான்டெஸ் என்ற பெண்மணி. இராணுவம் கொன்றாலும் எழுது, கொரில்லாக்கள் கொன்றாலும் எழுது. இதுதான் அங்கே வழக்கம். ஒரு பக்கத்துக் கணக்கை மட்டும் எழுதினால் ஊர் நம்புமா?

1981 டிசம்பரில் எல் மொசோத்தே என்னும் சிற்றூரிலும் சுற்றுவட்டாரத்திலும் இராணுவம் ஏறக்குறைய 1,000 பேரைக் கொன்று குவித்தது. கணவரையும் நான்கு பிள்ளைகளையும் பறிகொடுத்து, மறைந்திருந்து தப்பிய ரூஃபினா அமாயா நடந்ததைச் சொன்னார். அரசாங்கம் அப்படி ஒன்று நடக்கவேயில்லை என்று சாதித்தது. துதேலா லெகாலோ வீடு வீடாக, பேர் பேராகப் பட்டியல் எடுத்தது. 1992-ல் அர்ஜென்டினா நிபுணர்கள் வந்து மாதா கோவிலை அடுத்த கட்டடத்தைத் தோண்டினார்கள். கிடைத்தவை 143 எலும்புக்கூடுகள். அவற்றில் 131 பேர் பன்னிரண்டு வயதுகூட நிரம்பாத குழந்தைகள்! மண்ணே சாட்சி சொன்ன பிறகு யார் மறுக்க முடியும்?

1993-ல் ஐக்கிய நாடுகளின் உண்மை ஆணையம் அறிக்கை வெளியிட்டது. வந்த புகார்கள் 22,000-க்கு மேல். ஏறக்குறைய 85 விழுக்காடு அரசுத் தரப்பின் மீது. 5 விழுக்காடு கொரில்லாக்கள் மீது. ஐந்தே நாளில் பொது மன்னிப்புச் சட்டம் வந்து குற்றவாளிகளைக் காப்பாற்றியது. ஆனாலும் காகிதம் காத்திருந்தது. 2012-ல் அந்நாட்டு ஜனாதிபதி எல் மொசோத்தேக்கே வந்து மன்னிப்புக் கேட்டார். 2016-ல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தைச் செல்லாதாக்க, வழக்கு மீண்டும் திறக்கப்பட்டது.

2013-ல் துதேலா லெகால் திடீரென மூடப்பட்டபோது, பாதிக்கப்பட்ட ஏழை மக்கள் தங்கள் கோப்புகள் என்னவாகுமோ என்று பதறினார்கள். பணத்துக்காகவா? இல்லை, தங்கள் பிள்ளையின் பேர் அந்தக் காகிதத்தில்தான் உயிரோடு இருக்கிறது என்பதற்காக!

அன்பர்களே, துப்பாக்கியை எதிர்த்து நிற்க எல்லாராலும் ஆகாது. ஆனால் பேரையும் நாளையும் ஊரையும் பிசகில்லாமல் எழுதி வைக்க, நாலெழுத்துப் படித்த எவராலும் ஆகும். நம் பிள்ளைகளை ஏன் பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும் என்று யாராவது கேட்டால், இதையும் ஒரு காரணமாகச் சொல்லுங்கள்.