மிஸ்டர் முருகன் யாரு? வெளிநாட்டில் நம் இனிஷியல் படும் பாடு

நீலசந்திராவில் அறை எடுத்துத் தங்கி, கோரமங்களாவில் வேலை பார்க்கிறீர்கள். உங்கள் பெயர் மு. கார்த்திக் என்று வைத்துக்கொள்வோம். அமெரிக்க கிளையன்ட்டிடமிருந்து முதல் மெயில் வருகிறது: ‘டியர் மிஸ்டர் முருகன்’. அட, அது அப்பா பேராச்சே!

அவர் மேல் தப்பு இல்லை. அவர் ஊரில் ஒருவருக்கு வைத்த பெயர் ஒன்று, குடும்பத்துக்கே பொதுவான பெயர் ஒன்று. மரியாதைக்கு இரண்டாவதைச் சொல்வார்கள். நம்மிடம் அந்த இரண்டாவது பெயரே கிடையாது. இருப்பது அப்பா பெயரின் முதல் எழுத்து. இப்போது சிலர் அம்மா பெயரையும் சேர்க்கிறார்கள்.

செஸ் வீரர் விஸ்வநாதன் ஆனந்துக்கும் இதே கதைதான். அவர் பெயர் ஆனந்த். விஸ்வநாதன் என்பது அப்பா பெயர். உலகமே செல்லமாகக் கூப்பிடும் ‘விஷி’ உண்மையில் அப்பா பெயரின் சுருக்கம்!

நமக்கு ஏன் குடும்பப் பெயர் இல்லை?

முன்பு பலரும் பெயருக்குப் பின்னால் சாதியைப் போட்டார்கள். 1929-ல் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களைக் கைவிடச் சொன்னது. பெரியாரும் ‘நாயக்கரை’ விட்டார். மெல்ல மெல்ல தமிழ்நாட்டில் இனிஷியலே போதும் என்றானது. அந்தக் காலி இடத்துக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது.

உங்கள் பக்கத்து வீட்டு கன்னடக்காரரின் இனிஷியலில் ஊர்ப் பெயரும் இருக்கலாம். எச்.டி. தேவேகவுடாவின் ‘எச்’ அவர் ஊரான ஹரதனஹள்ளி; ‘டி’ அப்பா தொட்டேகவுடா.

மற்ற நாடுகளில் எப்படி?

ஐஸ்லாந்தில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் இல்லை. அப்பா அல்லது அம்மா பெயரோடு ‘மகன்’, ‘மகள்’ என்று பொருள்படும் சொல்லைச் சேர்ப்பார்கள். அதிபரையே சொந்தப் பெயரில்தான் அழைப்பார்கள். மியான்மரிலும் பரம்பரைப் பெயர் வழக்கம் இல்லை, ஐ.நா. பொதுச் செயலாளராக இருந்த ஊ தாண்டின் ‘ஊ’ நம்ம ‘திரு’ மாதிரி மரியாதைச் சொல். ஜப்பான் நேரெதிர்: குடும்பப் பெயர்தான் முதலில் வரும், திருமணமான தம்பதிக்கு ஒரே குடும்பப் பெயர் இருக்க வேண்டும் என்பது அங்கே சட்டம்.

சிக்கல் எங்கே வருகிறது?

பாஸ்போர்ட்டில். அதில் சொந்தப் பெயருக்கு ஒரு கட்டம், குடும்பப் பெயருக்கு ஒரு கட்டம். இனிஷியல் செல்லாது, விரித்துத்தான் எழுத வேண்டும். குடும்பப் பெயர்க் கட்டத்தைக் காலியாக விட இந்தியாவில் தடையில்லை. வெளியே போனால்தான் வம்பு. அமெரிக்க விசாவில் உங்கள் ஒரே பெயர் குடும்பப் பெயராகி, சொந்தப் பெயர் இடத்தில் ‘எஃப்.என்.யு.’ என்று விழும். ‘முதல் பெயர் தெரியவில்லை’ என்று அர்த்தம்! 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டோடு சுற்றுலா, விசிட் விசாவில் வருவோரை அனுமதிக்க முடியாது என்றது.

நீங்கள் என்ன செய்யலாம்?

முதலில் பாஸ்போர்ட்டைத் திறந்து இரண்டு கட்டங்களையும் பாருங்கள். ஒன்று காலியா? ஆஃபர் லெட்டர் வரும்வரை காத்திருக்காதீர்கள்; மாற்ற வேண்டுமென்றால் பாஸ்போர்ட்டை மறுபடி வாங்க வேண்டும், அதற்கு நாளாகும். அப்பா பெயரைக் குடும்பப் பெயராக வைக்க முடிவெடுத்தால் ஆதார், பான், வங்கிக் கணக்கு எல்லாவற்றிலும் ஒரே எழுத்துக்கூட்டல் இருக்கட்டும். டிக்கெட்டில் பாஸ்போர்ட்டில் உள்ள பெயரையே போடுங்கள்.

அந்த கிளையன்ட்டுக்கு? மெயில் கையெழுத்தில் ஒரே ஒரு வரி போதும்: ‘என்னை கார்த்திக் என்று கூப்பிடுங்கள்.’