மெலிந்த மணிக்கட்டுக்கு ஏற்ற கைக்கடிகாரம்

அக்கரப்பத்தனைப் பள்ளத்தாக்கில் பொழுது விடிந்ததை முன்னாளில் அறிவித்தது தப்பு. இருள் பிரியுமுன் லயங்களின் பக்கம் எழும் பெரட்டுத் தப்பின் ஓசை கேட்டே அடுப்பு மூட்டப்பட்டது, பிள்ளைகள் எழுப்பப்பட்டனர், கூடையும் கயிறும் தேடி எடுக்கப்பட்டன. பின்னர் தேயிலைத் தொழிற்சாலையின் சங்கும் அந்த வேலையைச் செய்தது. நேரம் என்பது தொழிலாளிக்குக் காதாற் கேட்கும் பொருளாக இருந்ததேயன்றிக் கண்ணாற் காணும் பொருளாக இருக்கவில்லை. கண்ணாற் காணும் உரிமை துரையிடமும் கணக்கப்பிள்ளையிடமும் இருந்தது. பெரட்டு எனப்படும் காலை ஆளெடுப்புக்கு ஒருவர் எவ்வளவு பிந்தினார் என்பதை அவர்களுடைய கடிகாரமே சொல்லிற்று. பிந்தியவர் வேலையின்றித் திருப்பி அனுப்பப்படுவதும் உண்டு; அரைப்பேர் விழுவதும் உண்டு. அந்தக் கடிகாரம் ஐந்து நிமிடம் முந்தி ஓடுகின்றது என்று வாதாட, எதிரே நின்றவர் கையில் வேறொரு கடிகாரம் இருக்கவில்லை.

இன்று நிலைமை வேறு. அக்கரப்பத்தனை, டயகம, ஹோல்புறூக் ஆகிய இடங்களிலிருந்து ஆசிரியத் தொழிலுக்கும், கொழும்பின் கடைகளுக்கும், ஆடைத் தொழிற்சாலைகளுக்கும் இளம் பெண்கள் செல்கின்றனர். முதற் சம்பளத்தில் அவர்கள் வாங்க விரும்பும் பொருள்களுள் கைக்கடிகாரமும் ஒன்று. யாழ்ப்பாணத்தார் இதை மணிக்கூடு என்பர். மலைநாட்டில் கடிகாரம் என்பதே வழக்கு. கைப்பேசி நேரம் காட்டாதா என வினவுவோர் உளர். காட்டும். ஆயினும் பரீட்சை மண்டபத்துக்குள் கைப்பேசிக்கு இடமில்லை. கைப்பேசியின் வேலைகளைச் செய்யும் நவீனக் கடிகாரத்துக்கும் இடமில்லை. மலைச்சரிவில் மழைக்கு நடுவே கொழுந்து பறிப்பவர், இடுப்பிற் சுற்றிய படங்கை விலக்கிக் கைப்பேசியைத் தேடி எடுத்து நேரம் பார்ப்பதும் இயலாத காரியம். மணிக்கட்டைத் திருப்பிப் பார்ப்பதற்கு ஒரு கணமே போதும்.

ஆனால் வாங்கிய கடிகாரம் மணிக்கட்டில் நிற்கவேண்டுமே! சிக்கல் இங்கேதான் தொடங்குகின்றது. தலவாக்கலையிலோ ஹட்டனிலோ கடைக் கண்ணாடிக்குள் பெரிய முகப்புடைய கடிகாரம் கவர்ச்சியாகத் தோன்றும். வீட்டுக்கு வந்து கட்டிப் பார்த்தால், வாரின் கடைசித் துளையில் இறுக்கியும் அது தளர்ந்து சுழலும். முகப்பு உள்ளங்கைப் பக்கம் போய்விடும். கடிகாரத்தின் இரு முனைகளும் மணிக்கட்டுக்கு அப்பால் நீட்டிக்கொண்டு நிற்கும். பாத்திரத்தின் மேல் அளவு தவறிய மூடியை வைத்தாற் போன்ற தோற்றம். தோழியர் இருவர் சிரித்துவிட்டால், அதன் பின் அந்தக் கடிகாரம் றங்குப்பெட்டிக்குள் போய்விடும். 2024ஆம் ஆண்டு செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளரின் குறைந்தபட்ச நாட்சம்பளம் 1,350 ரூபா என நிர்ணயிக்கப்பட்டது. அந்தக் கணக்கில் 8,000 ரூபாக் கடிகாரம் ஒன்று, தாய் ஆறு நாள் மலையேறிப் போட்ட பேருக்குச் சமம். அது பெட்டிக்குள் கிடப்பது சிறிய இழப்பன்று.

இத்தகைய வேளையில் பெண்கள் கடிகாரத்தைக் குறை கூறுவதில்லை. தம் கையையே குறை கூறுகின்றனர். ‘குச்சிக் கை’ என்று தாமே சொல்லிக்கொள்கின்றனர். மணிக்கட்டின் பருமன் பெரும்பாலும் எலும்பின் அமைப்பால் வருவது. அதில் வெட்கப்படுவதற்கு ஏதுமில்லை. தோட்டப்புறத்தில் ஊட்டக் குறைவும் உடலமைப்பைப் பாதித்திருக்கின்றது என்பது உண்மையே. ஐந்து வயதுக்குட்பட்ட தோட்டப் பிள்ளைகளுள் 100க்கு ஏறத்தாழ 32 பேர் வயதுக்கேற்ற உயரமின்றி இருந்ததை 2016ஆம் ஆண்டின் சுகாதாரக் கணக்கெடுப்புக் காட்டிற்று. அதற்குப் பரிகாரம் உணவிலும் மருத்துவத்திலும் தேடப்படவேண்டியது. கடிகாரக் கடையில் நிற்கும் பெண் அந்தச் சுமையையும் சேர்த்துத் தலையில் ஏற்றிக்கொள்ள வேண்டியதில்லை.

உண்மையில் மாறியது கையன்று, கடிகாரமே. கையில் அணியும் கடிகாரம் முதலில் பெண்களின் அணிகலனாகவே பிறந்தது. நேப்பிள்ஸ் நாட்டு அரசிக்காக பிரெகே என்னும் புகழ்பெற்ற வினைஞர் 1810இல் கைக்கடிகாரம் ஒன்றைச் செய்யத் தொடங்கி 1812இல் முடித்தார். ஆண்களோ நெடுங்காலம் சங்கிலி கோத்த பைக்கடிகாரத்தையே மதித்தனர். விமானம் ஓட்டுபவர் பைக்குள் கையிட்டு நேரம் பார்க்க முடியாதென்று பிரேசில் நாட்டு சாந்தோஸ் துமோந் குறைப்பட, 1904இல் கார்த்தியே என்பவர் அவருக்கு ஒரு கைக்கடிகாரம் அமைத்துக் கொடுத்தார். பத்து ஆண்டுகள் கழித்து மூண்ட முதலாம் உலகப்போரில் பதுங்குகுழிகளில் இருந்த வீரர்களுக்கும் அதே தேவை ஏற்பட்டது. அதன் பின்னரே ஆண்கள் தயக்கமின்றிக் கையிற் கட்டினர்.

அவ்வாறு கட்டியவை பெரியவையுமல்ல. 1932இல் பட்டேக் பிலிப் நிறுவனம் ஆண்களுக்கென வெளியிட்ட கலத்திராவாக் கடிகாரத்தின் விட்டம் ஏறத்தாழ 31 மில்லிமீற்றர். 1945இல் வந்த றோலெக்ஸ் டேற்ஜஸ்ட் 36 மில்லிமீற்றர். அந்நாளில் அது ஆண்களுக்குரிய முழு அளவு. 1961இல் ஜப்பானின் சிற்றிசன் நிறுவனத்தின் துணையோடு பெங்களூரில் கடிகாரத் தொழிலைத் தொடங்கிய எச்.எம்.ரி. நிறுவனத்தின் ‘ஜனதா’வும் ஏறத்தாழ 35 மில்லிமீற்றர்தான். 1990களுக்குப் பின்னரே 42, 44 மில்லிமீற்றர்க் கடிகாரங்கள் நாகரிகமாயின. அந்த நாகரிகமும் இப்போது தணிந்து வருகின்றது. 39 மில்லிமீற்றருக்கு வளர்ந்திருந்த எக்ஸ்புளோரர் கடிகாரத்தை றோலெக்ஸ் 2021இல் மீண்டும் 36க்குக் கொண்டுவந்தது. மெல்லிய கையுடைய ஆண்களும் இதைக் கவனிக்கலாம். கடைக்காரர் ‘இது லேடீஸ் சைஸ்’ என்று ஒதுக்கிவைக்கும் கடிகாரம், பாட்டனார் காலத்தில் ஆண்கள் பெருமையோடு அணிந்த அளவாக இருக்கக்கூடும். பெண்கள் இக்குறையை வாய்விட்டேனும் சொல்வர். ஆண்களோ சொல்லாமல் பெரிய கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு சட்டைக் கையை இழுத்துவிடுவர்.

இனி, அளக்கும் முறை. கடைக்குப் புறப்படுமுன் வீட்டில் ஒரு நூலும் பாடசாலை அடிமட்டமும் எடுத்துக்கொண்டால் போதும். மணிக்கட்டின் வெளிப்புறத்தில், சுண்டுவிரற் பக்கமாக, ஓர் எலும்பு குமிழ்போற் புடைத்திருக்கும். கடிகாரம் அமரவேண்டிய இடம் அந்தக் குமிழின் மேலன்று. அதனைத் தாண்டி முழங்கைப் பக்கமாகச் சற்று மேலே. அந்த இடத்தில் நூலைத் தளர்வின்றியும் இறுக்கமின்றியும் சுற்றி, அடிமட்டத்தில் வைத்துப் பார்த்தல் வேண்டும். 16 சென்ரிமீற்றருக்குக் குறைவானால் அது சிறிய மணிக்கட்டு. 14, 15 என்பவை பெண்களிடையே சாதாரணமாகக் காணப்படும் அளவுகள்.

சுற்றளவோடு பலர் நின்றுவிடுகின்றனர். அது வாருக்குரிய அளவு. கடிகாரத்துக்குரிய அளவு வேறு. மணிக்கட்டின் மேற்புறத்தில் தட்டையான பகுதி ஒன்று உண்டு. கடிகாரம் உட்காரும் திண்ணை அதுவே. அடிமட்டத்தை அதன் குறுக்கே வைத்து, இருபுறமும் கை வளைந்து இறங்கத் தொடங்கும் இடங்களுக்கு இடையிலுள்ள தூரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். 15 சென்ரிமீற்றர் சுற்றளவுள்ள கையில் இது பெரும்பாலும் 45 முதல் 50 மில்லிமீற்றருக்குள் இருக்கும். ஆளுக்கு ஆள் மாறும். வட்டமான கையில் இன்னும் குறையும்.

இதனோடு ஒப்பிட வேண்டியது கடிகாரத்தின் விட்டமன்று. கடிகாரக் கூட்டின் மேலும் கீழும் வாரைப் பூட்டுவதற்கென இரண்டிரண்டு காதுகள் நீண்டிருக்கும். மேற்காதின் நுனியிலிருந்து கீழ்க்காதின் நுனி வரையுள்ள நீளமே கையின் குறுக்கே கிடக்கப் போகின்றது. விற்பனைச் சீட்டில் 36 என்றோ 40 என்றோ அச்சிடப்பட்டிருப்பது முகப்பு வட்டத்தோடு கூட்டின் அகலம் மட்டுமே. 40 மில்லிமீற்றர்க் கடிகாரம் பெரும்பாலும் காதுக்குக் காது 47, 48 மில்லிமீற்றர் வரை போகும். 46 மில்லிமீற்றர்த் திண்ணையில் அது எவ்வாறு அமரும்? முனைகள் இரண்டும் வெளியே தொங்கும், வார் கையைத் தழுவாமல் செங்குத்தாக இறங்கும், இடைவெளி விழும். அந்த இடைவெளியில் தேயிலைச் செடியின் வாது மாட்டுவதும், கூடையின் விளிம்பு இடிப்பதும் எளிது. அதே விட்டமுள்ள இரு கடிகாரங்களுள் ஒன்றின் காதுகள் குறுகிக் கீழ்நோக்கி வளைந்திருக்கும். மற்றதன் காதுகள் நேராக நீண்டிருக்கும். முன்னது பொருந்தும், பின்னது பொருந்தாது. செய்கோ 5 வரிசையில் வந்த 37 மில்லிமீற்றர்க் கடிகாரம் ஒன்று காதுக்குக் காது 43தான். சிறு கையினர் பலர் அதை விரும்பியதற்குக் காரணம் இதுவே. 1989இல் வெளிவந்த கசியோவின் இலக்கக் கடிகாரமான எஃப் 91 டபிள்யூ, 38.2 மில்லிமீற்றர் நீளமும் 21 கிராம் நிறையுமே உடையது. பள்ளிப் பிள்ளைகளின் கையில் அது அழகாக நிற்பதில் வியப்பில்லை.

காதுக்குக் காதுள்ள நீளம் திண்ணையின் அளவிலும் இரண்டு மூன்று மில்லிமீற்றரேனும் குறைந்திருத்தல் நன்று. விட்டத்தைப் பொதுவாகச் சொன்னால், 14, 15 சென்ரிமீற்றர்க் கைக்கு 28 முதல் 34 வரை. 16ஐ நெருங்கும் கைக்கு 36 வரை. கடையில் இல்லாத கடிகாரத்தைத் தபாலில் தருவிப்போர், அதன் நீளத்தையும் அகலத்தையும் கேட்டறிந்து, மட்டைத் துண்டொன்றை அந்த அளவில் வெட்டிக் கையில் வைத்துப் பார்க்கலாம். சிறுபிள்ளை விளையாட்டுப் போலத் தோன்றினும் ஏமாற்றத்தைத் தவிர்க்கும் வழி இது.

அடுத்தது தடிப்பு. அக்கரப்பத்தனைக் குளிரில் கம்பளிச் சட்டையின்றி வெளியே இறங்குவோர் சிலரே. 13 மில்லிமீற்றர் தடிப்புள்ள கடிகாரம் சட்டைக் கையின் விளிம்பில் ஒவ்வொரு முறையும் சிக்கும். 8, 9 மில்லிமீற்றரானால் அதனடியில் வழுக்கிச் செல்லும். மெல்லிய கையில் தடித்த கடிகாரம் கவிழ்ந்து சாய்வதும் இயல்பு.

வாரின் அகலம் கூட்டின் விட்டத்தில் ஏறத்தாழப் பாதியாக இருப்பது கண்ணுக்கு இதமானது. 36க்கு 18, 32க்கு 16 என்றவாறு. கடைகளில் கிடைக்கும் சாதாரணத் தோல்வார் 75, 115 மில்லிமீற்றர்த் துண்டுகளாக வரும். சிறு கையில் அதன் நுனி சுற்றிச் சென்று மறுபுறம் எட்டிப்பார்க்கும். அதனிலும் பத்து மில்லிமீற்றர் குறைந்த வார்களும் உள்ளன. கேட்டால்தான் எடுத்துத் தருவர். துளை போதாவிட்டால் செருப்புத் தைப்பவரிடம் துளையிடும் கருவி இருக்கும். பழுக்கக் காய்ச்சிய கம்பியால் வீட்டில் துளையிட்டால் தோல் கருகி வெடிக்கும். உலோகப் பட்டையாயின் கண்ணிகளைக் கழற்றிச் சுருக்கலாம். கழற்றிய கண்ணிகளைக் கேட்டு வாங்கி வைக்கவேண்டும். வளரும் பிள்ளையின் கைக்கு அவை பின்னர் தேவைப்படும். கொழுந்து மலையில் நாள் முழுதும் நனையும் கைக்குத் தோல்வார் உகந்ததன்று. இறப்பர் வாரோ நைலோன் துணிவாரோ நீடிக்கும். தொழிற்சாலையில் சுழலும் இயந்திரங்களருகே நிற்பவர் எந்தக் கடிகாரத்தையும் கழற்றி வைத்துவிட்டே வேலையைத் தொடங்கவேண்டும்.

கட்டிய பின் வாரினடியில் சுண்டுவிரல் நுழைந்தால் இறுக்கம் சரியானது. மலைக்குளிரில் கை சற்றுச் சுருங்கியும் கொழும்பு வெப்பத்தில் சற்று ஊதியும் இருக்கும். ஆகவே அக்கரப்பத்தனையில் காலை வேளையில் அளவு பார்த்து வார் வெட்டுவித்தவர், கோட்டை நிலையத்தில் இறங்கும்போது கையில் தடம் பதிந்திருப்பதைக் காண்பார். மேலும் ஒரு துளை விட்டுவைப்பது முன்யோசனை.

பெரியது பொருந்தாது எனக் கேட்டு மிகச் சிறியதை நாடுவதும் தவறே. 1929இல் செகே லெகூல்த்ர் நிறுவனம் ஏறத்தாழ ஒரு கிராம் நிறையே உடைய கடிகாரப் பொறியொன்றை அமைத்தது. அத்தகைய கடிகாரத்தை இரண்டாம் எலிசபெத் அரசி 1953இல் தமது முடிசூட்டு விழாவின்போது அணிந்திருந்தார். அரசிக்கு நேரம் சொல்ல அருகே ஆட்கள் இருந்தனர். கரும்பலகைக்கு முன் நிற்கும் ஆசிரியைக்கு அந்த வசதி இல்லை. நாற்பது வயதைத் தாண்டியவர் பொத்தான் அளவு முகப்பில் முள்ளைத் தேடிக் கண்ணைச் சுருக்க நேரும். அத்தகையோர் விளிம்பு மெலிந்து முகப்பு அகன்ற கடிகாரத்தைத் தேர்ந்தால், கூடு சிறிதாயினும் எழுத்துப் பெரிதாக இருக்கும். வெண்முகப்பு அளவிற் பெரிதாகவும் கருமுகப்புச் சிறிதாகவும் தோன்றும் என்பதும் கருதத்தக்கது.

கடையில் பார்க்கும்போது கையைக் கண்ணருகே தூக்கிப் பார்த்தல் போதாது. அவ்வளவு அருகில் எந்தக் கடிகாரமும் பெரிதாகவே தெரியும். கையை இயல்பாகத் தொங்கவிட்டு, நிலைக்கண்ணாடியில் முழு உருவத்தோடு பார்த்தலே பிறர் காணும் காட்சி.

புதிதாக வாங்குமுன் வீட்டிலுள்ள பழைய பெட்டிகளையும் ஒருமுறை துழாவிப் பார்க்கலாம். 1950களிலும் 60களிலும் கங்காணியோ கணக்கப்பிள்ளையோ கட்டிய, சாவி கொடுக்கும் ஆண் கடிகாரங்கள் பல குடும்பங்களில் ஓடாமற் கிடக்கின்றன. அவை பெரும்பாலும் 33, 34 மில்லிமீற்றர். காதுக்குக் காது 41 அளவில் நிற்பவை. அன்று பெரட்டுக்களத்தில் பிந்தியவரைப் பிடித்த அதே கடிகாரம், இன்று பேத்தியின் 15 சென்ரிமீற்றர் மணிக்கட்டில் அளவெடுத்துச் செய்தாற் போல அமரும். பழுது பார்ப்பவரிடம் கொடுத்து உள்ளே துப்புரவு செய்வித்து, குமிழைத் திருகினால் முள் தடையின்றி நகர்கின்றதா என்று பார்த்துக்கொண்டு, நீளம் குறைந்த புதிய வார் ஒன்றைப் பூட்டுவித்தால் அது மீண்டும் ஓடும்.