எல்லை போட்டால்தான் வேலை முடியும்

சனிக்கிழமைகளில் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் சிலருக்கு நிரலாக்கம் சொல்லித் தருகிறேன். செயலி செய்யலாம் என்றதுமே ஆசைகள் வரிசை கட்டும். “அண்ணா, அரட்டை வசதி வைக்கலாமா? பரிசுப் புள்ளிகள் வேண்டாமா?” பட்டியல் நீள நீள, மூன்றாவது வாரத்தில் ஆர்வம் வடிந்துவிடும். திறமை இருந்தும், எங்கே நிறுத்துவது என்று யாரும் முடிவு செய்யாததால் பல செயலிகள் பாதியில் நின்றுபோகின்றன.

இதற்கு மருந்து, தொடங்கும்போதே எல்லை போட்டுக்கொள்வது.

பழைய விளையாட்டுக் கருவியைப்போல இயங்கும் ‘பிக்கோ-8’ என்ற மென்பொருளைப் பாருங்கள். திரை 128க்கு 128 புள்ளிகள், வண்ணங்கள் 16. நிரலின் அளவுக்கும் உச்சவரம்பு உண்டு. அழகுபடுத்த இடமில்லாததால், விளையாட்டு சுவையாக இருக்கிறதா என்பதே கேள்வியாகிவிடுகிறது. 2018ல் வெளிவந்து புகழ்பெற்ற ‘செலெஸ்ட்’ விளையாட்டின் முதல் வடிவத்தை இருவர் இதில் நான்கே நாளில் செய்தார்கள்.

அமெரிக்காவின் ‘பேஸ்கேம்ப்’ நிறுவனத்தார் ஒரு வேலைக்கு ஆறு வாரம் என்று வரையறுத்தார்கள். “இதற்கு எத்தனை நாள் பிடிக்கும்?” என்று கேட்பதைவிட, “இதற்கு எத்தனை நாள் கொடுக்கலாம்?” என்று கேட்பதே அவர்கள் வழி. ஆறு வாரத்தில் முடியாத வேலைக்குத் தானாகக் கால நீட்டிப்பு கிடையாது.

எங்கள் மாணவர்கள் பாலர் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்துச் செயலி செய்ய விரும்பியபோது நான் இட்ட எல்லை: நான்கு சனிக்கிழமைகள், ஒரே திரை. தமிழில் 247 எழுத்துகள். எல்லாவற்றையும் படத்தோடு வைத்தால் ஒலிப்பதிவுக்கு நேரமில்லை. ஒரு மாணவி விடவில்லை. “என் தம்பி வீட்டில் ஆங்கிலம்தான் பேசுகிறான். சத்தம் கேட்காவிட்டால் அவனுக்கு இது வெறும் படம்தான்,” என்றார்.

அந்த ஒரு வாக்கியத்தால் மற்றவை தாமாக உதிர்ந்தன. கடவுச்சொல் போனது, புள்ளிகள் போயின. மிஞ்சியவை 12 உயிரெழுத்துகளும் அவற்றின் ஒலியும். நான்காம் சனிக்கிழமை செயலி ஓடியது. அந்தத் தம்பி ‘ஐ’யைத் தொட்டுத் தொட்டுத் திரும்பச் சொன்னதைக் கைப்பேசியில் படம்பிடித்துக் காட்டினார் அக்கா. அடுத்த சுற்றுக்கு 18 மெய்யெழுத்துகளை எடுத்துக்கொண்டோம்.

எல்லை என்பது கல்லில் எழுதியதல்ல. டுவிட்டர்கூட 140 எழுத்து வரம்பை 2017ல் 280 ஆக்கியது. ஆனால், தளர்த்துவதற்குக் காரணம் வேண்டும். “இதையும் சேர்த்தால் நன்றாயிருக்கும்” என்பது காரணமாகாது. பாதுகாப்பையும் சோதனையையும் மட்டும் எந்த எல்லைக்காகவும் வெட்டக்கூடாது.

நீங்களும் ஏதேனும் செய்யத் திட்டமிட்டால், முதல் வரி எழுதும் முன் மூன்றைத் தாளில் குறித்துவிடுங்கள்: யாருக்காக, எத்தனை நாளில், எதைச் செய்யப்போவதில்லை. மூன்றாவதை எழுதத்தான் அதிக நேரம் பிடிக்கும். அந்த நேரத்தைத் தாராளமாகக் கொடுங்கள்.