பயிற்சியாளரும் பகடையும்

கல்கத்தாவுக்குப் படிக்க வரும் தமிழ் மாணவனை விடுதியில் முதலில் கேட்பது, "ஊர் எது?" என்றல்ல, "மோகன் பகானா, ஈஸ்ட் பெங்காலா?" என்றுதான். வந்த ஐந்தாம் நாளே நான் ஈஸ்ட் பெங்கால் கட்சியில் சேர்ந்துவிட்டேன். என் அறைத்தோழரின் பாட்டனார் பாரிசாலிலிருந்து அகதியாக வந்தவர். அவர் வீட்டு ஹில்சா மீன் குழம்பை உண்டபின் எதிர்க்கட்சிக்குப் போவது நன்றி கொன்ற செயல் அல்லவா? 1950ஐ ஒட்டிய ஆண்டுகளில் அக்கழகத்தின் முன்வரிசையில் ஆடி, 'பஞ்ச பாண்டவர்' என்று புகழ்பெற்ற வெங்கடேஷ், அப்பாராவ், தனராஜ், அகமது கான், சாலே ஐவருமே தென்னாட்டவர் என்பதைப் பின்னரே அறிந்தேன். அறிந்தபின் பெருமை இரட்டிப்பாயிற்று.

அத்தகைய கழகம் 2024 செப்டம்பரில், இந்தியன் சூப்பர் லீகின் முதல் மூன்று ஆட்டங்களிலும் தோற்றது. அம்மாதம் 30ஆம் நாள் பயிற்சியாளர் கார்லஸ் குவாட்ராட் பதவி விலகினார். எட்டு மாதங்களுக்கு முன்புதான், ஜனவரியில் புவனேசுவரத்தில் சூப்பர் கோப்பையை வென்று, பன்னிரண்டு ஆண்டு வறட்சியைத் தீர்த்துவைத்தவர் அவர். அன்று வாழ்த்திய வாய்களே இன்று "போ, போ" என்றன.

அடுத்து யார்? விடுதி உணவுக்கூடத்தில் பருப்பு ஆறிப்போகும் வரை இதே வழக்கு. இந்தியர் ஒருவர் வரட்டும் என்றார் ஒருவர். 1975இல் ஷீல்டு இறுதியாட்டத்தில் மோகன் பகானை 5-0 என்று வீழ்த்திய காலத்துப் பி. கே. பானர்ஜியைப் போல, பேச்சாலேயே வீரம் ஊட்டுகிறவர் வேண்டும் என்றார் மற்றொருவர். ஸ்பெயின் நாட்டு ஆஸ்கர் புருசோன் பெயர் அடிபட்டது. வங்காளதேசத்தில் பசுந்தரா கிங்ஸ் கழகத்துக்கு லீக் பட்டத்தை ஐந்து முறை தொடர்ந்து வென்று தந்தவர். "அந்த லீக் வேறு, இது வேறு" என்று ஒரு குரல். "எங்கள் பாட்டன் மண்ணில் வென்றவரையா குறை சொல்கிறாய்?" என்று எழுந்துவிட்டார் என் அறைத்தோழர்.

நான் இயற்பியல் மாணவன். சும்மா இருந்திருக்கலாம். லூடோப் பெட்டியிலிருந்து ஆறு பகடைகளை எடுத்து வந்தேன். ஆறையும் சேர்த்து உருட்டினால் சராசரியாக 21 விழும். 16 அல்லது அதற்குக் கீழே விழுந்தால் பகடைகளை நன்றாகத் திட்டிவிட்டு மறுபடி உருட்டுவது என்று விதி செய்தோம். பத்து முறை திட்டினோம்; ஒன்பது முறை எண்ணிக்கை கூடியது! திட்டினால் பகடை திருந்துகிறது என்று சமையற்காரர்கூடச் சொல்லத் தொடங்கிவிட்டார்.

பகடை திருந்தவில்லை. மிகக் கீழே விழுந்ததற்கு அடுத்த வீச்சு பெரும்பாலும் அதைவிட மேலேதான் இருக்கும், அவ்வளவே. ஒரு குழுவின் படுதோல்வியிலும் இரண்டு சரக்கு கலந்திருக்கிறது: ஒன்று அதன் உண்மையான பலவீனம், மற்றொன்று கம்பத்தில் பட்டுத் திரும்பிய பந்து, நடுவரின் விசில், முக்கிய ஆட்டக்காரரின் சுளுக்கு போன்ற கெட்ட காலம். கெட்ட காலம் அதே அளவில் தொடர்வது அரிது. பயிற்சியாளரை நீக்குவதோ சரியாக அந்த அடிப்பள்ளத்தில். ஆகவே புதியவர் வந்ததும் ஏறும் ஏற்றத்தில் பெரும்பங்கு, அவர் வராவிட்டாலும் வந்திருக்கும். பாஸ் டெர் வீல் என்ற டச்சுப் பொருளாதார அறிஞர் தம் நாட்டு லீகின் 1986 முதல் 2004 வரையிலான ஆட்டங்களை ஆராய்ந்து 2011இல் வெளியிட்டார். பயிற்சியாளரை நீக்கிய கழகங்களும், அதே சரிவில் இருந்தும் நீக்காத கழகங்களும் ஏறக்குறைய ஒன்றுபோலவே தேறின என்று கண்டார்.

ஆனால் பகடை ஒன்றை விளக்காது. 2020இல் இந்த லீகில் நுழைந்தது முதல் ஈஸ்ட் பெங்கால் பெற்ற இடங்களைப் பாருங்கள்: ராபி ஃபௌலர் காலத்தில் ஒன்பது, அடுத்த ஆண்டு மனோலோ தியாஸ் பாதியில் போக, மாரியோ ரிவேரா வர, கடைசி இடமான பதினொன்று, ஸ்டீபன் கான்ஸ்டன்டைன் காலத்தில் ஒன்பது, குவாட்ராட் காலத்தில் ஒன்பது, புருசோன் இடையில் வந்த 2024-25லும் ஒன்பதே! ஆள் மாறினார், ஒன்பது மாறவில்லை. இவ்வளவு விடாப்பிடியானது கெட்ட காலம் ஆகாது. முதலாண்டு லீகில் அனுமதி கிடைத்தது செப்டம்பர் இறுதியில், நவம்பரில் ஆட்டம். கிடைத்தவர்களைச் சேர்த்துக் களமிறங்கினார்கள். முதலீடு செய்தவர்களும் குவெஸ், ஸ்ரீ சிமென்ட், எமாமி என்று மாறிக்கொண்டே வந்தார்கள். இடைப்பருவத்தில் வரும் பயிற்சியாளர், பதிவுக்காலம் திறக்கும்வரை பிறர் வாங்கிவைத்த ஆட்டக்காரர்களைக் கொண்டுதான் சமைக்க வேண்டும். தடுப்பு வரிசையை முன்னே தள்ளலாம், பின்னே இழுக்கலாம்; உட்கார்ந்திருந்தவரை எழுப்பி ஆடவிடலாம்; சோர்ந்த மனத்தைத் தேற்றலாம். இவை சிறியவை அல்ல. ஆனால் "அடுத்து யார்?" என்று கத்துகிற நேரத்தில் பாதியையாவது "ஆட்டக்காரரைத் தெரிவு செய்வது யார், எப்போது?" என்று கேட்பதில் செலவிட்டிருக்கலாம்.

இதையெல்லாம் அன்றிரவு சொன்னேன். அறைத்தோழர் சிரிக்கவில்லை. "உன் பகடை தோற்றபின் வீட்டுக்குப் போய் முகம் காட்ட வேண்டுமா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போனார். இரண்டு நாள் பேச்சில்லை.

புருசோனே வந்தார். தோல்வி நிற்கவில்லை, லீகில் ஆறு ஆட்டம், ஆறு தோல்வி. பின்னர் பூட்டானில் நடந்த ஆசியப் போட்டியில் அவருடைய பழைய பசுந்தரா கிங்ஸையே 4-0 என்று வென்றார்கள். "பார்த்தாயா?" என்றார் தோழர். ஒரே குழுவை வைத்துச் சோதனையும் ஒப்பீடும் செய்ய முடியாது என்று சொல்ல வாயெடுத்தேன், அடக்கிக்கொண்டேன்.

நவம்பர் 9 அன்று சால்ட் லேக் அரங்கில் முகம்மதன் ஸ்போர்ட்டிங்குடன் ஆட்டம். அரைமணிக்குள் நம்மவர் இருவருக்குச் சிவப்பு அட்டை. ஒருவர் நம் சென்னை நந்தகுமார்; 2023இல் மோகன் பகானுக்கு எதிராக ஒரே கோல் அடித்து என்னை இந்த விடுதியில் தலைநிமிர வைத்தவர். மீதி ஒன்பது பேர் ஒரு மணி நேரத்துக்கு மேல் பந்தைத் தடுத்துக்கொண்டே நின்றார்கள். 0-0. அப்பருவத்தின் முதல் புள்ளி.

கூட்டத்தோடு வெளியே வரும்போது தோழர் கேட்டார்: "ஆறு பகடையில் இரண்டு கீழே விழுந்துவிட்டால், மீதி நான்கும் கூடுதலாக உழைக்குமா?"

என்னிடம் விடையில்லை. வெற்றி இல்லாததால் ஹில்சாவும் இல்லை. தெருமுனையில் இருவருக்கும் முட்டை ரோல் வாங்கினார். காசு நான்தான் கொடுத்தேன்.