காலூனமுற்ற கோழியைப் பராமரிக்கும் முறை

பயிர்த்தொழில் செய்யும் குடும்பங்கள் பலவற்றில் ஐந்தாறு நாட்டுக் கோழிகளாவது வளர்ந்து வருகின்றன. இவற்றைப் பேணுவோர் பெரும்பாலும் வீட்டுப் பெண்களே. குழந்தைகளுக்கு முட்டையும், அவசரச் செலவுக்குச் சிறிது பணமும் இவற்றால் கிடைக்கின்றன. இத்தகைய கோழியொன்று கீரியின் வாயிலிருந்தோ நாயின் பிடியிலிருந்தோ மீட்கப்பட்டு நொண்டும்போது, அதைக் குழம்புக்கு அறுத்துவிடுவதும், மறுநாள் சந்தையில் தள்ளிவிடுவதும் வழக்கமாயிருக்கின்றன. அன்புடையோர் சிலர் உடனே கட்டுப்போட்டு மற்றக் கோழிகளோடு விட்டுவிடுகின்றனர். இம்மூன்றுமே நஷ்டத்தை உண்டாக்கக்கூடியவை. நொண்டும் கோழியெல்லாம் அடிபட்ட கோழியன்று என்பதை முதலில் உணர வேண்டும்.

காயமா, வியாதியா?

ஒரு வீட்டில் ஒரே நாளில் இரண்டு கோழிகள் நொண்டுவதாக வைத்துக்கொள்வோம். ஒன்று கீரியிடமிருந்து பறிக்கப்பட்டது. காலில் இரத்தம் வடிகிறது. மற்றொன்று சந்தையில் பரிதாபப்பட்டு வாங்கப்பட்டது. காயம் ஒன்றுமில்லை, ஆனால் நிற்க முடியவில்லை. பார்ப்பவர் முதலாவதைக் கண்டே அஞ்சுவர். உண்மையில் அஞ்சத்தக்கது இரண்டாவதே.

அடிபட்ட கோழிக்கு நொண்டல் திடீரென உண்டாகும். பெரும்பாலும் ஒரு காலே பாதிக்கப்பட்டிருக்கும். அவ்விடத்தில் காயம், வீக்கம், சூடு ஆகியவற்றுள் ஏதேனும் காணப்படும். அதிர்ச்சி தணிந்தபின் கோழி தீனி தின்னும், கண் தெளிவாயிருக்கும்.

காயமின்றி ஒரு கால் முன்னும் மற்றொன்று பின்னுமாக நீண்டு கிடந்தால், அது ஹங்கேரி நாட்டு யோசெப் மாரெக் என்பார் 1907-இல் விவரித்த வாத நோயாக இருக்கலாம். இதற்குச் சிகிச்சை இல்லை. பச்சை நிறக் கழிச்சல், கழுத்துத் திருகல், மூச்சுத் திணறல் ஆகியவை சேர்ந்திருந்தால் வெள்ளைக் கழிச்சல் என்று சந்தேகிக்க வேண்டும். 1927-இல் இமயமலைச் சாரலிலுள்ள ராணிக்கேத்தில் காணப்பட்டதால் இது ராணிக்கேத் நோய் என்றும் வழங்குகிறது. ஊர்க் கோழிகள் அனைத்தையும் சில நாட்களில் அழிக்க வல்லது. சுவர் வெடிப்புகளில் மறைந்து இரவில் கடிக்கும் கோழி உண்ணியாலும் கால்கள் விழுந்துபோவதுண்டு. காலில் மயிரோ நூலோ சுற்றி இறுகியிருக்கிறதா என்பதையும் பார்த்தல் நலம்.

ஆகையால், காரணம் எதுவாயினும் நொண்டும் கோழியை உடனே தனியே பிரித்து வைக்க வேண்டும். வெளியிலிருந்து வந்ததாயின் 3 வாரம் தனித்திருக்கட்டும். அதைத் தொட்டபின் கைகளைச் சோப்பிட்டுக் கழுவாமல் மற்றக் கோழிகளுக்குத் தீனி வைத்தல் கூடாது.

முதலுதவி

கோழியைத் தலைகீழாகத் தூக்கலாகாது. இறக்கைகளை உடலோடு அணைத்துப் பிடித்து, தலையைத் துணியால் மூடினால் அமைதியடையும். நெஞ்சை அழுத்தக்கூடாது, கோழிக்கு உதரவிதானம் இல்லாமையால் நெஞ்செலும்பு அசைந்தால்தான் அது மூச்சுவிட முடியும்.

இரத்தம் வடிந்தால் சுத்தமான துணியை 5 நிமிஷம் அழுத்திப் பிடிக்க வேண்டும். பின்பு, அரை லிட்டர் நீரில் ஒரு தேக்கரண்டி உப்பிட்டுக் கொதிக்கவைத்து ஆறவிட்டு, அதனால் காயத்தைக் கழுவ வேண்டும். மண்ணெண்ணெய், சுண்ணாம்பு, சாணம் இவற்றை வைத்தல் தீது. ஈ மொய்த்துப் புழு வைக்காதபடி நாள்தோறும் இருமுறை காயத்தைப் பார்க்க வேண்டும். கீரி, நாய் இவற்றின் பல் பதிந்த இடம் வெளியே சிறிதாயினும் உள்ளே ஆழமாயிருக்கும். ஆதலால் கால்நடை மருத்துவரிடம் காட்டுவது அவசியம். மனிதருக்குரிய வலி மாத்திரைகளைக் கொடுக்கவே கூடாது. அவற்றுள் ஒன்றாகிய டைக்லோபினாக், கழுகுகளின் அழிவுக்குக் காரணமானதால், 2006-இல் இந்தியாவில் கால்நடைகளுக்குத் தடை செய்யப்பட்டது.

எலும்பு முறிவு

செதிலுள்ள கணைக்கால் தோல் கிழியாமல் முறிந்திருந்தால் வீட்டிலேயே கட்டலாம். எலும்பை நேராக வைத்து, அதன்மேல் பஞ்சைச் சுற்றி, இழைத்து வழவழப்பாக்கிய இரண்டு மூங்கில் சிம்புகளை இருபுறமும் வைத்துத் துணி நாடாவால் கட்ட வேண்டும். விரல்கள் வெளியே தெரிய வேண்டும். மறுநாள் விரல்கள் வீங்கியோ குளிர்ந்தோ இருந்தால் கட்டு இறுக்கமென்று அறிந்து தளர்த்த வேண்டும். பறவைகளின் எலும்பு விரைவில் கூடுவதால் சுமார் 3 வாரத்தில் கட்டைப் பிரிக்கலாம்.

தொடை முறிந்தாலும், எலும்பு வெளியே நீட்டிக்கொண்டிருந்தாலும், மூட்டு விலகியிருந்தாலும் இழுத்துச் சரிசெய்ய முயலாமல் மருத்துவரை நாட வேண்டும். பாதம் கறுத்துக் குளிர்ந்துவிட்டால் பிழைப்பு அரிது. மருத்துவர் யோசனைப்படி வேதனையின்றி முடித்துவிடுவதே தயை.

இருப்பிடமும் தீனியும்

நிழலான இடத்தில், பஞ்சாரத்தின் கீழ் வைக்கோலையோ உமியையோ கனமாகப் பரப்பி அதில் விட வேண்டும். ஏறி உட்காரக் கொம்பு கூடாது. எந்நேரமும் படுத்திருந்தால் நெஞ்சில் புண் உண்டாகுமாதலால், படுக்கையை நாள்தோறும் மாற்றி, கோழியைப் பக்கம் மாற்றி வைக்க வேண்டும். தண்ணீர் ஆழமற்ற மண்சட்டியில் அலகுக்கு எட்டும்படி இருத்தல் வேண்டும்.

கம்பு, நொய், கீரை ஆகியவற்றோடு இடித்த கிளிஞ்சலும் தருவது விசேஷம். முட்டையோடு ஒன்றில் சுமார் 2 கிராம் சுண்ணச் சத்து உள்ளது. தீனியில் அது குறைந்தால் கோழி தன் எலும்பிலிருந்தே எடுத்துக்கொள்ளும். முறிந்த எலும்பு கூட வேண்டிய சமயத்தில் இது பெருங்கேடு. மருந்து கொடுத்திருந்தால், மருத்துவர் குறித்த நாள்வரை முட்டையையும் இறைச்சியையும் உண்ணலாகாது.

குணமடைந்த கோழியைத் திடீரென மந்தையில் விட்டால் மற்றவை கொத்தும். சில நாள் பஞ்சாரத்தோடு அவற்றின் கண்ணெதிரே வைத்திருந்து, பின்பு ஒருநாள் அந்தி வேளையில் கூட்டில் சேர்க்க வேண்டும்.

கிராம அதிகாரிகள் கவனிக்க வேண்டியது

ஓர் ஊரில் பல கோழிகள் ஒருங்கே நொண்டினாலும் மடிந்தாலும் தாமதமின்றிக் கால்நடை மருந்தகத்துக்கு அறிவிக்க வேண்டும். அத்தகைய கோழிகளைச் சந்தைக்கு அனுப்புவது வியாதியை அண்டை ஊர்களுக்கு அனுப்புவதேயாகும். செத்தவற்றை ஆழக் குழிதோண்டிச் சுண்ணாம்பிட்டுப் புதைக்கச் செய்தல் வேண்டும். கால்களைக் கட்டித் தலைகீழாகத் தொங்கவிட்டு எடுத்துச் செல்வதால் பல கோழிகளுக்குக் கால் ஊனமாகிறது. பிராணிகளை வீண் வேதனையுறும்படி கொண்டுசெல்வது 1960-ஆம் வருஷத்துப் பிராணிவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமாகும். மூங்கில் கூடையில் வைத்து எடுத்துச் செல்லும்படி அவர்கள் சொல்லலாம்.

சுருங்கக் கூறின், பிரித்து வைத்தல், காரணம் அறிதல், சுத்தம், ஓய்வு, சுண்ணச் சத்து ஆகிய ஐந்தையும் கைக்கொண்டால் கீரியிடமிருந்து மீண்ட கோழி மீண்டும் முட்டையிட்டு அடைகாக்கும். வெள்ளைக் கழிச்சலுக்குக் காலத்தில் தடுப்பூசி போட்டிருப்பின் மற்றக் கோழிகளும் தப்பும்.