மண்ணுக்குச் சோறிடும் குலம்

கள்ளக்குறிச்சிக்கு அருகே ஒரு மல்லாட்டைக் கொல்லைக்கு நம் வகுப்புப் பிள்ளைகளை ஒரு நாள் அழைத்துச் சென்றிருந்தோம். மல்லாட்டை என்பது வேறொன்றுமன்று, நிலக்கடலைதான். 'மணிலாக்கொட்டை' என்னும் பெயர் இப்பக்கத்து ஜனங்களின் நாவிலே உருண்டு தேய்ந்து அவ்விதம் ஆகியிருக்கிறது. செடிகள் மஞ்சள் பூ விட்டிருந்த சமயம். ஒரு பையன் செடியொன்றைப் பிடுங்கிப் பார்த்துவிட்டு, "ஐயா! செடிக்கு வியாதி! வேரெல்லாம் கொப்புளம்!" என்று கூவினான்.

கொல்லைக்காரர் சிரித்தார். "வியாதியில்லை தம்பி, அது இருந்தால்தான் அடுத்த வெள்ளாமை நன்றாய் வரும்" என்றார். ஒரு பெரிய சாஸ்திரத்தையே அவர் ஒரு வாக்கியத்தில் அடக்கிவிட்டார்.

கொப்புளம் ஒன்றை நகத்தால் கீறினோம். உள்ளே இளஞ்சிவப்பு! நம் உதிரத்துக்குச் செந்நிறம் தரும் பொருளுக்கு ஒன்றுவிட்ட சகோதரம் போன்ற ஒரு பொருள் அங்கே இருக்கிறது. அந்த முடிச்சுக்குள் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் கோடிக்கணக்கில் குடியிருக்கின்றன. செடி அவற்றுக்குச் சர்க்கரை கொடுக்கிறது. அவை காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்கு உணவாக்கித் தருகின்றன. காற்றில் நூற்றுக்கு 78 பங்கு நைட்ரஜன்தான். ஆயினும் நெல்லும் கரும்பும் அதை நேரே உண்ண முடியாமல், விருந்து மண்டபத்தின் வாசலில் பசியோடு நிற்பவரைப் போல நிற்கின்றன.

இந்த இரகசியத்தை 1888-ல் ஹெல்ரீகல், வில்பார்த் என்னும் ஜெர்மானியர் இருவர் நிரூபித்தனர். பின்னர் 1909-ல் ஹேபர் என்னும் ரசாயன நிபுணர் காற்றின் நைட்ரஜனிலிருந்து அம்மோனியா தயாரிக்கும் வழி கண்டார். யூரியா மூட்டைகளெல்லாம் அவ்வழியில் பிறந்தவையே. அதற்குக் கடும் உஷ்ணமும் பேரழுத்தமும் வேண்டும். மல்லாட்டைச் செடியோ அதே காரியத்தைப் புகையின்றி, ஓசையின்றி, மண்ணுக்கடியில் செய்து முடிக்கிறது.

இச்செடி பெரிய குலத்தைச் சேர்ந்தது. கச்சிராயபாளையத்திலிருந்து வெள்ளிமலைக்கு ஏறினால் கல்வராயன் மலையில் அதன் சுற்றத்தார் பலரைக் காணலாம். புளி, சரக்கொன்றை, புங்கு, வேங்கை ஆகிய யாவும் நெற்று விடும் இக்குலத்து மரங்களே. ஆனால் ஒரு குடும்பத்தில் எல்லோரும் ஒரே குணமுடையவராய் இருப்பார்களோ? புங்கும் வேங்கையும் வேரில் முடிச்சிடும். புளியும் சரக்கொன்றையும் இடுவதில்லை.

மலையில் வாழும் மலையாளி மக்கள் சாமையோடு துவரையையும் மொச்சையையும் கலந்து விதைக்கும் வழக்கமுடையவர்கள். சாமை அறுவடையான பின்னும் துவரை நின்று, இலையுதிர்த்து, நிலத்துக்கு உரமிடும். இன்று அம்மலைச் சரிவுகளில் மரவள்ளி பரவியிருக்கிறது. ஆத்தூர்ப் பக்கத்துச் சவ்வரிசி ஆலைகள் அதை வாங்கிக்கொள்கின்றன. கீழே சமவெளியிலோ கரும்பு. மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் சர்க்கரை ஆலைகள் இருக்கின்றன. விலை கிடைக்கும் பயிரை விவசாயி நாடுவதைக் குற்றமென்று நாம் சொல்லமாட்டோம். ஆனால் எடுப்பதே தொழிலாகக் கொண்ட பயிர்களை ஆண்டுதோறும் வைத்தால் மண் எத்தனை நாள் தாங்கும்?

இதன் பலன் நம் அடுப்பங்கரை வரையில் வந்துவிட்டது. பருப்பு வகைகளை உலகிலேயே அதிகமாக விளைவிப்பது நம் தேசம். அதிகமாக உண்பதும் நம் தேசம். போதாமல் அயல்நாடுகளை எதிர்பார்ப்பதும் நம் தேசமே! 2016-ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் சபை பருப்பு வகைகளின் ஆண்டென்று கொண்டாடிற்று. அவ்வாண்டிலேயே ஆப்பிரிக்காவிலுள்ள மொஸாம்பிக் தேசத்திலிருந்து துவரை வாங்க நம் அரசாங்கம் ஒப்பந்தம் செய்துகொண்டது. வெளியிலிருந்து வாங்கும் உளுந்தில் பெரும்பகுதி பர்மாவிலிருந்து வருகிறது. 2019-ல் தோன்றிய நம் கள்ளக்குறிச்சி மாவட்டத்திலோ, உளுந்தின் பெயரையே தாங்கி நிற்கும் உளுந்தூர்ப்பேட்டை இருக்கிறது! அந்தப் பெயராவது நம்மைச் சிந்திக்கச் செய்யவேண்டாமா?

பெரிய யோசனைகளைப் பெரியவர்கள் செய்யட்டும். நம்மாலானது சிறிது உண்டு. நெல் அறுத்த ஈரம் காயுமுன் உளுந்தோ பயறோ தெளிக்கலாம். கரும்பு நடுமுன் சணப்போ தக்கைப்பூண்டோ விதைத்து மடக்கி உழலாம். உளுந்தை வேரோடு பிடுங்காமல் அடியில் அரிந்தெடுக்கலாம். செடி சேர்த்த சத்தில் பெரும்பகுதி பருப்போடு நம் வீட்டுக்கு வந்துவிடுகிறது. வேரிலும் தழையிலும் எஞ்சியதையாவது மண்ணுக்கு விட்டுவைப்பது நியாயமல்லவா? நிலமில்லாத நேயர்கள் ஆடிப்பட்டத்தில் கொல்லைப்புறத்தில் நான்கு அவரை விதை ஊன்றலாம்.

அன்று மாலை வீடு திரும்பும்போது அந்தப் பையன் பிடுங்கிய செடியைக் கையிலேயே வைத்திருந்தான். "ஐயா, இதைத் திரும்ப நட்டால் பிழைக்குமா?" என்று கேட்டான். பிழைப்பது அரிது என்றோம். சற்று யோசித்துவிட்டு, "அப்படியானால் எங்கள் வீட்டு முருங்கையின் அடியில் புதைத்துவிடுகிறேன். அதுவாவது சாப்பிடட்டும்" என்றான்.

பாடம் முடிந்தது என்று நாம் தெரிந்துகொண்டோம்.